பாதுகாப்பு வால்வு திறக்காத நீராவி எஞ்சின்: உங்கள் இரண்டு வரி பதிலுக்கு என் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மாதிரி நீராவி எஞ்சினின் பழுதான பாதுகாப்பு வால்வு, எண் பொருந்தாத பாய்லர் சான்றிதழ் தொடர்பாக

ஐயா,

உங்களிடம் வாங்கிய சிறு ரயில் எஞ்சின் 45 மி.மீ. அகலத் தண்டவாளத்தில், பியூட்டேன் கேஸில் ஓடுவது. இதுவரை மூன்று முறைதான் அதைக் கொதிக்க வைத்திருக்கிறேன். மூன்றாவது முறை, அழுத்தம் மிஞ்சினால் நீராவியை வெளியே விட வேண்டிய பாதுகாப்பு வால்வு திறக்கவே இல்லை. அதைச் சொல்லி எழுதினேன். "தயார் செய்ததில் தவறு இருக்கலாம், வால்வின் மேல் திருகை அரைச் சுற்று தளர்த்திப் பாருங்கள்" என்று இரண்டே வரியில் பதில் வந்தது. அந்த இரண்டு வரியையும் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில், பற்றவைக்கும் முன் நான் செய்த தயாரிப்பு. நான் இதற்குப் புதியவன் அல்ல. பாய்லரில் ஊற்றியது காய்ச்சி வடித்த தண்ணீர், 250 மி.லி. கொள்ளளவுக்கு 200 மி.லி. மட்டும், மேலே நீராவிக்கு இடம் விட்டுத்தான் மூடினேன். பிஸ்டன் ஓடும் சிலிண்டருக்கு எண்ணெய் தரும் லூப்ரிகேட்டரில் முந்தைய ஓட்டத்தின் தண்ணீரை வடித்துவிட்டு, நீராவிச் சூட்டைத் தாங்கும் ஸ்டீம் ஆயில் நிரப்பினேன். (உங்கள் கையேடு வெறுமனே 'எண்ணெய் ஊற்றவும்' என்கிறது. தையல் மெஷின் எண்ணெயை ஊற்றி ஒருவர் சிலிண்டரைக் கெடுத்துக்கொண்டால் யார் பொறுப்பு?) அச்சுகளுக்கும் இணைப்புத் தண்டுகளுக்கும் சொட்டுச் சொட்டாக மெல்லிய எண்ணெய். கேஸ் கடைசியில், திறந்த வெளியில், பக்கத்தில் நெருப்பு இல்லாமல். வால்வின் தண்டைக் குளிர்ந்த நிலையில் இழுத்தும் பார்த்தேன். அசைந்தது, ஆனால் மயிரிழை அளவுதான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பர்னர் ஒரே தீக்குச்சியில் பற்றிக்கொண்டது. ஊளையிடவில்லை, மெல்லிய இரைச்சல்தான். கேஸ் வரும் சிறு துளையான ஜெட்டில் குறை சொல்ல எதுவும் இல்லை. முதல் இரண்டு முறையும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு வந்ததுமே ஓட விட்டேன், அதனால் வால்வுக்கு வேலையே வரவில்லை. சொல்லப்போனால் அருமையாக ஓடியது. சிலிண்டருக்கு நீராவி விடும் ரெகுலேட்டரைத் திறந்து, கையால் முன்னும் பின்னும் தள்ளிக் கொடுத்தால், சிலிண்டரில் தேங்கிய வெந்நீரைப் புகைபோக்கி வழியாகத் துப்பிவிட்டு, அப்புறம் தானாகவே கிளம்பிவிடும். அந்த நிமிடத்துக்காகத்தானே இதையெல்லாம் வாங்குகிறோம்.

மூன்றாம் முறை வால்வைச் சோதிக்கவென்றே ரெகுலேட்டரை மூடி வைத்துக் காத்திருந்தேன். சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டில் திறக்க வேண்டும் என்பது உங்கள் கையேட்டின் கணக்கு. பிரஷர் கேஜின் முள் 40-ஐத் தொட்டது. ஒரு சீறல்கூட இல்லை. 45. 50. வால்வின் வாயில் ஈரம்கூடக் கசியவில்லை. 55-இல் கேஸை மூடினேன். அதன் பிறகும் முள் கொஞ்சம் ஏறியது. ரெகுலேட்டரைத் திறந்து, நெருப்பில்லாமலே நான்கு சுற்று ஓட விட்டுத்தான் அழுத்தத்தை 20-க்குக் கொண்டுவந்தேன். வீட்டுக் குக்கர் சுமார் 15 பவுண்டில் விசில் அடித்துவிடும். இங்கே பாய்லருக்குள் 150 டிகிரியில் தண்ணீர், அதுவும் என் முகத்திலிருந்து இரண்டடி தூரத்தில்.

பிரஷர் கேஜ் தவறாகக் காட்டியிருக்கலாம் என்று அடுத்து சொல்வீர்கள். அதையும் கழற்றி, நண்பரின் சோதனைக் கேஜோடு ஒப்பிட்டாயிற்று. ஒரு பவுண்டுக்கு மேல் வித்தியாசம் இல்லை. ஆறிய பிறகு வால்வைக் கழற்றி உருப்பெருக்கியில் பார்த்தேன். ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறக்குறைய ஒட்டிக் கிடக்கின்றன. அவ்வளவு இறுக்கித் திருகியிருக்கிறது. சுருள்களுக்கு நடுவே இடமே இல்லாதபோது வால்வு எப்படி எழும்பும்? நான் தயார் செய்த விதத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சரி, தளர்த்தலாமே என்கிறீர்கள். எவ்வளவு தளர்த்தினால் 40 என்பது கண்ணால் பார்த்துச் சொல்கிற விஷயமா? கூடுதலாகத் தளர்த்தினால் அழுத்தத்தில் திருகே கழன்று பறக்கும். இன்னொன்று: உங்கள் கையேட்டிலேயே சிவப்பு எழுத்தில் 'பாதுகாப்பு வால்வைத் தொடாதீர், தொட்டால் உத்தரவாதம் செல்லாது' என்று அச்சடித்திருக்கிறீர்கள். கையேடு தொடாதே என்கிறது, மின்னஞ்சல் திருகு என்கிறது. இரண்டையும் எழுதியது ஒரே நிறுவனம். 1831-இல் அமெரிக்காவில் 'பெஸ்ட் ஃபிரண்ட் ஆஃப் சார்ல்ஸ்டன்' எஞ்சினில், நீராவி சீறும் சத்தம் பொறுக்காமல் ஒரு தொழிலாளி வால்வை அமுக்கிக் கட்டினார். பாய்லர் வெடித்து அவர் உயிரே போயிற்று. என் எஞ்சினில் அந்த வேலையை உங்கள் பட்டறையே செய்து அனுப்பியிருக்கிறது.

இதையெல்லாம் விட என்னை உறுத்துவது சான்றிதழ். பாய்லரின் பின்புறத் தகட்டில் பொறித்த எண் 7-இல் முடிகிறது. 80 பவுண்டில் தண்ணீர் அழுத்தச் சோதனை செய்ததாக நீங்கள் தந்த தாளில் உள்ள எண் 1-இல் முடிகிறது. எழுதியவரின் கைத்தவறாக இருந்தால் நல்லது. இல்லையென்றால் என் பாய்லரை யாரும் சோதிக்கவே இல்லை என்று அர்த்தம். படங்கள் இணைத்துள்ளேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. எஞ்சினை உங்கள் செலவில் எடுத்துச் சென்று, புது வால்வு பொருத்தி, பாய்லரை மறுபடி சோதித்து, வால்வு எத்தனை பவுண்டில் திறந்தது என்பதையும் எழுதி, இந்த எண்ணுக்கே உரிய சான்றிதழோடு 15 நாட்களுக்குள் திருப்பி அனுப்புங்கள். இதே தொகுதியில் எஞ்சின் வாங்கிய மற்றவர்களுக்கும் உடனே தகவல் கொடுங்கள். அவர்களில் யாராவது இன்று மாலையே தீக்குச்சியைக் கிழிக்கலாம்.

எஞ்சினில் தண்ணீரும் கேஸும் வடித்தாயிற்று. வால்வைத் தனி உறையில் போட்டு வைத்திருக்கிறேன். அதன் திருகை நான் தொடவில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், சான்றிதழ் நகல், வால்வு மற்றும் எண் தகட்டின் படங்கள்