இறுதியாண்டு ப்ராஜெக்ட் விலைக்கு வாங்கும் பொருளா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிப்ரவரி பிறந்ததிலிருந்து ஏப்ரல் முடியும்வரை இராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், இராமேசுவரம் ஆகிய ஊர்களில் ஜெராக்ஸ் கடையோ டிடிபி (கணினி அச்சுக்கோப்பு) மையமோ வைத்திருக்கும் எவரைக் கேட்டாலும், அது ப்ராஜெக்ட் காலம் என்றுதான் சொல்வார். பி.எஸ்சி. கணினி அறிவியல், பி.சி.ஏ., பி.இ. கணினிப் பொறியியல் ஆகியவற்றின் இறுதியாண்டு மாணவர்கள் தங்கள் ப்ராஜெக்ட் அறிக்கையை அச்சிட்டு, கெட்டி அட்டை கட்டி, பொன்னிற எழுத்துப் பதித்து வாங்கிச் செல்லும் மாதங்கள் அவை. அந்தத் தொழிலில் இருக்கும் நான், என் மேசைக்கு வரும் அறிக்கைகளுள் மாணவர் தாமே எழுதியவை மிகச் சிலவே என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகப் பெற்றோருக்கும் கல்லூரிகளுக்கும் தெரிவிக்க விரும்புகிறேன்.

நடப்பது இதுதான். பெருநகரங்களில் உள்ள ப்ராஜெக்ட் சென்டர்களில் தலைப்புப் பட்டியல் ஒன்று இருக்கும். நூலக மேலாண்மை, மருத்துவமனை மேலாண்மை, ஆன்லைன் ஷாப்பிங் என்று முன்பு இருந்த பட்டியலில், இப்போது முகத்தை அடையாளம் கண்டு வருகைப் பதிவு செய்வதும், இலையின் படத்தைப் பார்த்து நோயைச் சொல்வதும் சேர்ந்திருக்கின்றன. சில ஆயிரம் ரூபாய் கொடுத்தால் நிரலும் (கணினிக்கான கட்டளைத் தொகுப்பு), அறிக்கையும், வைவா என்னும் வாய்மொழித் தேர்வு நாளில் காட்டவேண்டிய ஸ்லைடுகளும் ஒன்றாகக் கிடைத்துவிடும். மாணவர் செய்யவேண்டியது முதல் பக்கத்தில் தம் பெயரையும் பதிவெண்ணையும் மாற்றுவது மட்டுமே. அதையும் முழுமையாகச் செய்வதில்லை. உள்ளே இருக்கும் திரைப் படங்களில் எங்கோ ஒரு வெளிமாநிலக் கல்லூரியின் பெயர் அப்படியே நிற்கும். 'ஏற்கெனவே உள்ள முறை', 'முன்மொழியும் முறை' என்ற இரண்டு அத்தியாயங்களும், தலைப்பு எதுவாக இருந்தாலும், வரி மாறாமல் வரும்.

மாணவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லி இதை முடித்துவிடுவது நியாயமாகாது. 2018-19ஆம் கல்வியாண்டு முதல் அறிமுகமான புதிய பாடநூல்களில் பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் என்று நிரல் மொழிகளில் நல்ல அடித்தளம் இடப்பட்டிருக்கிறது. ஆனால் தமிழ்வழியில் அதைப் படித்துவிட்டு வரும் பிள்ளை, கல்லூரியின் முதல் பருவத்திலேயே எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எதிர்கொள்கிறது. பள்ளியில் கணினியையே பாடமாக எடுக்காதவர்களும் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆய்வகத்தில் ஒரு கணினிக்கு இருவர், சில நேரம் மூவர். செய்முறைத் தேர்வுக்கான நிரல்களின் பட்டியல் முன்கூட்டியே தெரியும். தேர்வு நாளில் சீட்டு எடுத்து வந்ததை எழுத வேண்டும் என்பதால், அரைப்புள்ளி உட்பட அனைத்தையும் மனப்பாடம் செய்வதே பாதுகாப்பான வழியாகிவிடுகிறது. அரசுக் கலைக் கல்லூரிகளில் பெரும் சுமையைத் தாங்கும் கௌரவ விரிவுரையாளர் ஒருவரே பல குழுக்களுக்கு வழிகாட்டியாக இருக்கும்போது, எந்தக் குழு எந்த வரியை எழுதியது என்று அவரால் பார்க்க இயலுவதில்லை. முந்தைய பருவங்கள் எல்லாம் இப்படிக் கழிந்த பிறகு, இறுதிப் பருவத்தில் மட்டும் 'சொந்தமாக ஒரு மென்பொருள் செய்' என்றால் அந்தப் பிள்ளை எங்கே போகும்?

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள்கள் நீடிக்கிறது. விசைப்படகுத் தொழிலாளியின் வீட்டில் வருமானம் நின்றுபோகும் அந்த நேரத்தை ஒட்டித்தான் தேர்வுக் கட்டணமும் ப்ராஜெக்ட் செலவும் வந்து சேர்கின்றன. முதல் பட்டதாரியாக வரப்போகும் மகனுக்காகவோ மகளுக்காகவோ கடன் வாங்கிக் கொடுக்கும் அந்தப் பெற்றோருக்கு, தாங்கள் வாங்குவது என்ன என்று யாரும் சொல்வதில்லை.

இத்தனைக்கும், கணினிப் படிப்பில் ப்ராஜெக்டுக்கு உள்ள இடம் வேறு எந்தத் தாளுக்கும் இல்லை. தரவுக் கட்டமைப்பு, தரவுத்தளம், இயங்குதளம், கணினி வலையமைப்பு என்று தனித்தனியாகப் படித்து, தனித்தனியாகத் தேர்வு எழுதி, தனித்தனியாக மறந்துபோகும் பாடங்கள் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன என்பது ஒரு முழு மென்பொருளைக் கட்டும்போதுதான் புரியும். வேலைக்கான நேர்காணலிலும் 'உங்கள் ப்ராஜெக்ட் என்ன செய்கிறது, அதில் நீங்கள் எழுதிய பகுதி எது' என்ற கேள்வி தவறாமல் வருகிறது. விலைக்கு வாங்கியவர் தடுமாறுவது அங்கேதான்.

தலைப்புக்காக வெளியூர் செல்ல வேண்டிய தேவையே நமக்கு இல்லை என்பது என் கருத்து. கரையில் நடக்கும் மீன் ஏலத்தையே எடுத்துக்கொள்ளலாம். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு ஆகியவற்றைக் கழித்து, மீதியைப் படகு உரிமையாளருக்கும் தொழிலாளர்களுக்கும் பங்கு பிரிக்கிறார்கள். வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் இருந்தால் அதையும் கழிக்க வேண்டும். பார்வைக்கு எட்டாம் வகுப்புக் கணக்கு. ஆனால் 10,000 ரூபாயை மூன்று சம பங்காகப் பிரித்தால் ஆளுக்கு 3,333 ரூபாய் 33 காசு போக ஒரு காசு மிஞ்சுகிறது. அது யாருக்கு என்பதை நிரல் எழுதுபவர்தான் தீர்மானிக்க வேண்டும். பைத்தானில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.3 வருவதில்லை, 0.30000000000000004 என்று வருகிறது. கணினி பின்னங்களை 0, 1 மட்டுமே கொண்ட இரும எண்களில் வைத்திருப்பதால் நேரும் இந்தச் சிறு பிசகு காரணமாக, பணத்தைத் தசம எண்ணாக வைக்காமல் காசுக் கணக்கில் முழு எண்ணாக வைக்க வேண்டும் என்பதைப் பாடநூலில் படித்தவர் மறந்துவிடக்கூடும். பங்குக் கணக்கு இடிக்கிறது என்று ஒரு படகுத் தொழிலாளி கேட்ட கேள்விக்கு விடை தேடிக் கண்டவர் மறக்கமாட்டார்.

இன்னொன்று, கடலில் இருக்கும் இடத்தைப் பற்றியது. நம் படகுகளில் உள்ள ஜிபிஎஸ் கருவிகள் பலவற்றில் இடம் பாகையாகவும் கலையாகவும் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) காட்டப்படுகிறது; வரைபட மென்பொருள்களோ பெரும்பாலும் பாகையைத் தசமமாகக் கேட்கின்றன. கருவி 9 பாகை 17.3 கலை என்று காட்டுவதை 9.173 என்று உள்ளிட்டால் பிழை, 17.3ஐ 60ஆல் வகுத்து 9.288 என்று உள்ளிட வேண்டும். இந்த ஒரு தவறால் ஏறத்தாழ 7 கடல் மைல், அதாவது சுமார் 13 கிலோமீட்டர் இடம் மாறிவிடும். பாக் நீரிணையில் அது எவ்வளவு பெரிய தூரம் என்பதைப் படகோட்டிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவும் இலங்கையும் 1974, 1976 ஆகிய ஆண்டுகளில் செய்துகொண்ட உடன்பாடுகளில் கடல் எல்லை குறிப்பிட்ட புள்ளிகளை இணைக்கும் கோடாக வரையறுக்கப்பட்டுள்ளது. அந்தப் புள்ளிகள் பொதுவெளியில் கிடைக்கின்றன. ஒரு படகு நிற்கும் இடத்திலிருந்து அந்தக் கோட்டுக்கு மிகக் குறைந்த தூரம் எவ்வளவு என்று கணக்கிடும் நிரலை எழுத முயலும் மாணவருக்கு, பூமி உருண்டை என்பதால் பள்ளி வடிவியல் போதாது என்பது முதல் நாளே தெரிந்துவிடும். பிறகு உருண்டைப் பரப்பில் தூரமும் கோணமும் கணக்கிடும் கோள முக்கோணவியலை அவர் தாமாகவே தேடிப் படிப்பார். மாணவர் செய்த இந்த நிரலை நம்பி எவரும் கடலுக்குப் போகக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். கற்பதற்கு அது நல்ல கணக்கு, அவ்வளவுதான்.

மண்டபம் பகுதியில் மூங்கில் மிதவைகளில் கடற்பாசி வளர்க்கும் மகளிர் குழுக்களின் கணக்கும் அப்படியே. எந்த மிதவை யாருடையது, என்று நட்டது, சுமார் 45 நாள் கழித்து அறுவடையில் எவ்வளவு எடை, அதில் மறுநடவுக்கு எடுத்து வைத்தது எவ்வளவு, விற்ற விலை என்ன என்பவை ஒரே நோட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்படுகின்றன. தகவலை ஒன்றோடொன்று தொடர்புள்ள அட்டவணைகளாக வைக்கும், 1970இல் எட்கர் காட் முன்வைத்த உறவுநிலைத் தரவு மாதிரியையும், ஒரே தகவல் திரும்பத் திரும்ப வராதபடி அட்டவணைகளைப் பிரித்து இயல்பாக்கம் செய்வதையும் கற்பிக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா? அந்த மென்பொருளைத் தமிழில் செய்யப் புகுந்தால் வேறொரு பாடமும் கிடைக்கும். 'மண்டபம்' என்ற சொல்லில் நமக்கு ஐந்து எழுத்துகள். நீளம் கேட்டால் பைத்தான் ஏழு என்கிறது. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனிக் குறியீடுகளாக வைக்கப்பட்டிருப்பதே காரணம். பெயர்ப் பட்டியலைச் சரியாகத் தேடவும் வரிசைப்படுத்தவும் இதை அறிந்தாக வேண்டும்.

இந்தத் தலைப்புகள் எதற்கும் விலையுயர்ந்த கருவி தேவையில்லை. உதவி கேட்க இடங்களும் அருகிலேயே உள்ளன. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. கரைக்கு வரும் மீனின் அளவை எல்லா மீன் இறங்குதுறைகளிலும் எடை போட்டுப் பார்க்காமல், மாதிரி எடுத்து மதிப்பிடும் முறையை அந்நிறுவனம் நெடுங்காலமாகக் கையாண்டு வருகிறது. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அலை உயரம், மீன் கிடைக்கக்கூடிய பகுதி ஆகியவை குறித்த அறிவிப்புகளை வெளியிடுகிறது. நம் மாணவர்களுள் எத்தனை பேர் இவற்றை ஒருமுறையேனும் திறந்து பார்த்திருக்கிறார்கள் என்று ஆசிரியர்கள் வகுப்பில் கேட்டுப் பார்க்கலாம்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இனி ப்ராஜெக்ட் சென்டர்களுக்கே வேலையில்லை, எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவு எழுதிவிடும் என்று சிலர் மகிழ்கிறார்கள். காசு மிச்சம் என்பது உண்மைதான். மற்றபடி, கடைக்காரர் எழுதிக் கொடுத்த நிரலுக்கும் இயந்திரம் எழுதிக் கொடுத்த நிரலுக்கும், அதைப் படித்துப் புரிந்துகொள்ளாத மாணவரைப் பொறுத்தவரை எந்த வேறுபாடும் இல்லை. அந்தக் கருவியைத் தடை செய்யவும் முடியாது, செய்யவும் வேண்டாம். தொழிலில் இருப்பவர்களே அதைப் பயன்படுத்துகிறார்கள். மதிப்பெண் எதற்குக் கொடுக்கிறோம் என்பதை மாற்றினால் போதும்.

அறிவியலாளர் அப்துல் கலாம் பிறந்த மாவட்டம் என்று விழா மேடைகளில் நாம் பேசுவதுண்டு. சென்னை எம்ஐடியில் (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) படித்தபோது அவர் சக மாணவர்களுடன் செய்த விமான வடிவமைப்பு ப்ராஜெக்ட் திருப்தியாக இல்லை என்று பேராசிரியர் சீனிவாசன் சொன்னதையும், மூன்று நாளில் முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்று எச்சரித்ததையும் கலாமே எழுதியிருக்கிறார். மாணவர் இரவு பகலாக உழைத்ததைப் பலரும் எடுத்துச் சொல்கிறார்கள். அந்தப் பேராசிரியர் வரைபடத்தைத் தாமே வந்து பார்த்தார் என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

பாடத்திட்டக் குழுக்களும் கல்லூரிகளும் செய்யக்கூடியவை எளியவைதான். தலைப்பை ஏற்கும்போதே, இந்த மென்பொருள் யாருக்கு வேண்டும் என்பதை மாணவர் சொல்ல வேண்டும். அந்தப் பயனாளி மீனவர் கூட்டுறவுச் சங்கமாக இருக்கலாம், மகளிர் குழுவாக இருக்கலாம், பக்கத்து மளிகைக் கடையாகவும் இருக்கலாம். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்னும் இலவச மென்பொருளைக்கொண்டு வாரந்தோறும் நிரலைப் பதிவு செய்யச் சொன்னால், யார் எந்த நாளில் எந்த வரியைச் சேர்த்தார் என்ற வரலாறு தானே உருவாகும். கடைசி வாரத்தில் மொத்தமாக வந்து இறங்கிய நிரல் அதில் பளிச்சென்று தெரிந்துவிடும். வைவா நாளில் புறத் தேர்வாளர் ஸ்லைடுகளைப் பார்ப்பதோடு நில்லாமல், 'பங்கு மூன்றுக்குப் பதிலாக ஐந்து என்று மாற்றிக் காட்டுங்கள்' என்பதுபோல ஒரு சிறு மாற்றத்தைத் தம் கண்முன்னே செய்யச் சொல்லி, மதிப்பெண்ணில் பாதியை அதற்கு வைக்க வேண்டும். நிரலை எங்கிருந்து பெற்றவராக இருந்தாலும், புரிந்துகொண்டவர் மாற்றிவிடுவார். புரியாதவர் எந்தக் கோப்பைத் திறப்பது என்றே அறியமாட்டார்.

ஒரே நாளில் ஒரு வகுப்பு முழுவதையும் பார்த்து முடிக்கும் தேர்வாளருக்கு இதற்கு நேரம் ஏது என்ற கேள்வி நியாயமானதே. வைவாவை மூன்று நாள்களாகப் பிரிக்க வேண்டியிருக்கும். அதற்கான மதிப்பூதியத்தைப் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும். எண்பது பக்க அறிக்கையை இருபது பக்கமாகக் குறைத்தால் மாணவருக்கு மிச்சமாகும் தொகையே கணிசமானது. அட்டை கட்டி அச்சிட்டுக் கொடுக்கும் என் போன்றோருக்கு அதனால் வருமானம் குறையும் என்பதை அறிந்தே இதைக் கேட்கிறேன்.

இறுதிப் பருவ வகுப்புகள் டிசம்பர், ஜனவரியில் தொடங்குகின்றன. சில வாரங்களுக்குள் தலைப்புகள் முடிவாகிவிடுகின்றன. தலைப்பு முடிவான பிறகு விதியை மாற்றினால், ஏற்கெனவே முன்பணம் கட்டிய பிள்ளைகள்தான் சிக்கிக்கொள்வார்கள். எனவே இவ்வாண்டே மாற்றம் கொண்டுவர எண்ணும் கல்லூரிகள், இறுதிப் பருவத்துக்கு முந்தைய பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே, நவம்பருக்குள் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் எழுத்து வடிவில் அறிவிக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினி அச்சகம் நடத்தும் வாசகர்,
உச்சிப்புளி, இராமநாதபுரம் மாவட்டம்.