தழும்புகளையும் ஸ்கேன் செய்து பாருங்கள்

உடல் எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்யும் தமிழக மருத்துவர்களுக்கும் அவர்களின் சங்கங்களுக்கும்,

வணக்கம். லேப்ராஸ்கோப்பிக்காக, அதாவது கேமராவும் கருவிகளும் நுழைக்க வயிற்றில் போடும் சிறு துளைகளில், ஹெர்னியா (தசையின் இடைவெளி வழியே குடலோ கொழுப்போ பிதுங்குவது) வரும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 10 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள துளைகளில் தசை உறையைத் தைப்பது நல்லது என்பதும், கொழுப்பு தடித்த வயிற்றில் அது சிரமம் என்பதால் பலர் தைக்காமல் விடுவதும் நீங்கள் அறிந்ததே. இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றும் ஸ்லீவ் சிகிச்சையில், வெட்டிய பகுதியை வெளியே எடுக்க ஒரு துளையை அகலமாக்கவும் நேர்கிறது.

முதலில் கேட்பது இதுதான். சிகிச்சை முடிந்த ஆறாம் மாதமும் ஓராண்டு முடிவிலும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்லாத் தழும்புகளையும் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பாருங்கள். படுக்க வைத்து மட்டும் போதாது; நிற்க வைத்து, இருமச் சொல்லி, முக்கச் சொல்லிப் பாருங்கள்.

இந்தச் சிகிச்சை செய்துகொண்ட என் அக்காவுக்குத் தொப்புளுக்கு மேலிருந்த தழும்பில் வலி. சொன்னபோதெல்லாம் படுக்க வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "தையல் இழுக்குதும்மா, போகப் போகச் சரியாயிடும்" என்றார்கள். எடை நன்றாக இறங்கியிருந்ததால் எல்லோருக்கும் மகிழ்ச்சி, வலியைச் சீட்டில் எழுதக்கூட ஆளில்லை. குக்கரைத் தூக்கும்போது ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொள்ள அவரே பழகிக்கொண்டார். அப்புறம் ஓர் இரவு வாந்தி நிற்கவே இல்லை. காலையில் மலம் போயிருக்கிறது, அதனால் குடல் அடைப்பு இருக்காது என்று காத்திருக்க வைத்தார்கள். குடல் சுவரின் ஒரு பக்கம் மட்டும் துளையில் மாட்டினால் மலமும் வாயுவும் போய்க்கொண்டே இருக்கலாம் என்பது எங்களுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? சிடி ஸ்கேன் எடுத்து முடிப்பதற்குள் மாட்டிய இடம் அழுகிவிட்டது. குடலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள்.

கையால் தொட்டுப் பார்த்த ஆய்வுகளில் நூற்றில் சிலருக்கே இந்த ஹெர்னியா தென்படுகிறது. ஸ்கேன் வைத்துத் தேடிய ஆய்வுகளில் எண்ணிக்கை பல மடங்கு. கண்டுபிடித்த எல்லாவற்றுக்கும் உடனே அறுவை தேவையில்லை என்பீர்கள். சரி, ஏற்கிறேன். இருப்பது தெரிந்தால் எந்த வலிக்கு ஓடி வர வேண்டும் என்றாவது நோயாளிகளுக்குத் தெரியும்.

பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் அளவு) 40-உம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கும், கடுமையான துணை நோய்களோடு 35-உம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கும் இப்போது காப்பீடு கிடைக்க வழியிருக்கிறது. சிகிச்சைக்கு வருகிறவர்கள் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். முன்பும் பின்பும் எடுத்த படங்களை ஊரெங்கும் மாட்டுகிற மருத்துவமனைகள், பின்தொடர் பரிசோதனைக்கு எடை பார்க்கும் இயந்திரம் போதும் என்று நினைக்கின்றன. சத்துக் குறைவுக்கு ரத்தப் பரிசோதனை எழுதுகிறீர்களே, அதே சீட்டில் இன்னும் ஒரு வரி எழுத முடியாதா?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சங்கங்கள் இந்த ஸ்கேனை எல்லோருக்கும் பொதுவான விதியாக்க வேண்டும். எந்தத் துளை தைக்கப்பட்டது, எது தைக்கப்படவில்லை என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தர வேண்டும். பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் தங்கை