அணை இல்லாத ஆறு

அன்புள்ள பங்காளி,

உன் கடிதமும் கூடவே அனுப்பிய வீடியோவும் வந்தன. பாப்பாவின் பட்டமளிப்பு விழாவுக்கு மே மாதம் எல்லோரும் வருகிறீர்கள் என்றதும் இங்கே வீடே அமளிப்படுகிறது. அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, மாடி ஏறுவதை மட்டும் விடமாட்டேன் என்கிறாள். நம் கூட்டாளி 'வார்டன்' சிகாகோவுக்கு மாறிவிட்டான். இன்னும் அதே கட்டம் போட்ட சட்டைதான்.

சரி, ஆற்று விஷயம். "ஒரு நாள் முழுக்கத் துடுப்புப் போடணும், நல்ல காட்டாறாப் பார்த்து வை" என்று எழுதியிருந்தாய். பார்த்துவிட்டேன். சட்டூகா ஆறு, மூன்றாம் பகுதி. படகு விடுபவர்கள் ஆற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து எண் போட்டிருக்கிறார்கள். நீ வீடியோவில் காட்டியதும் சட்டூகாதான், ஆனால் அது நான்காம் பகுதி. அங்கே உன்னைக் கூட்டிப்போக மாட்டேன். கோபப்படாமல் கடைசிவரை படி.

அட்லாண்டாவிலிருந்து காரில் போய் வரக்கூடிய ஆறுகள் இங்கே பல உண்டு. எல்லோரும் முதலில் சொல்வது டென்னசியில் உள்ள ஒக்கோயி. 1996 ஒலிம்பிக்கின் படகுப் போட்டி நடந்த ஆறு. அலைக்குமேல் அலை, மூச்சுவிட இடம் கிடையாது. ஆனால் ஐந்து மைலில் முடிந்துவிடும், பக்கத்திலேயே நெடுஞ்சாலை ஓடும், லாரிக்காரன் ஹாரன் அடிப்பது படகில் கேட்கும். தண்ணீரும் அணைக்காரர்கள் அட்டவணை போட்டுத் திறந்துவிடுவது. 1913இல் அணை கட்டி, ஆற்றை அப்படியே மலைச்சரிவில் ஒரு மரக் கால்வாயில் ஏற்றி மின்நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 1976இல் அந்தக் கால்வாயைப் பழுதுபார்க்க மூடினார்கள். ஆற்றுக்குள் தண்ணீர் திரும்பி வந்தது, படகுக்காரர்களும் வந்தார்கள். பிறகு கால்வாய் சரியானபோது, வாரத்தில் சில நாளாவது தண்ணீரை ஆற்றில் விடு என்று அவர்கள் போராடி வாங்கியதுதான் இன்றைக்கு இருக்கும் ஒக்கோயி. எனக்கு அந்த ஆற்றின்மேல் மரியாதை உண்டு. ஆனால் நீ கேட்ட நாள் அங்கே கிடைக்காது. நாண்டஹாலாவும் அப்படித்தான். எட்டு மைல், சின்னப் பிள்ளைகளோடு போக அருமை, தண்ணீர் நடுக்கோடையிலும் பல்லைக் கிட்டவைக்கும். அங்கேயும் ஒரு பக்கம் சாலை, மேலே அணை.

சட்டூகா வட கரோலினா மலையில் பிறந்து ஜார்ஜியாவுக்கும் தென் கரோலினாவுக்கும் எல்லையாக இறங்குகிறது. டுகலூ ஏரியில் போய்ச் சேரும்வரை அதன் ஓட்டத்தைத் திறந்து மூட ஒரு மதகு இல்லை. மழை பெய்தால் ஏறும், பெய்யாவிட்டால் பாறை பல்லிளிக்கும். 1968இல் அமெரிக்காவில் காட்டாறுகளைக் காக்க ஒரு சட்டம் வந்தது, 1974இல் சட்டூகாவை அதில் சேர்த்தார்கள். அன்றிலிருந்து இரு கரையிலும் ஏறக்குறைய கால் மைலுக்கு வீடு, கடை, புதுச்சாலை எதுவும் வராமல் காடு அப்படியே கிடக்கிறது. ஜிம்மி கார்ட்டர் ஜார்ஜியா ஆளுநராக இருந்தபோது இந்த ஆற்றில் துடுப்புப் போட்டவர். அதே பதவியில் இருந்துதான் ஃபிளின்ட் ஆற்றில் கட்டவிருந்த அணையையும் தடுத்து நிறுத்தினார். ஓடும் ஆற்றில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தவருக்கு அணை வரைபடம் வேறு மாதிரிதான் தெரிந்திருக்கும்.

மூன்றாம் பகுதி எர்ல்ஸ் ஃபோர்டில் ஆரம்பித்து 76ஆம் எண் நெடுஞ்சாலைப் பாலத்தில் முடிகிறது. பதின்மூன்று மைல், நம் கணக்கில் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். வண்டியை நிறுத்திவிட்டுப் படகைத் தூக்கிக்கொண்டு கால் மைல் நடந்தால்தான் தண்ணீர் கண்ணில் படும். அந்த நடையிலேயே பாதிக் கூட்டம் கழிந்துவிடும், அதுவும் நல்லதற்குத்தான். பிறகு நாள் முழுக்க ஆறுதான். போனுக்குச் சிக்னல் கிடையாது. முதலில் வார்வுமன் என்று ஒரு ரேபிட், அதாவது பாறைகளுக்கு நடுவே தண்ணீர் சீறிப் பாயும் இடம், கையைப் பழக்கிக்கொள்ள. அதன்பின் பெரிய பெரிய சாய்ந்த பாறைகளுக்கு நடுவே நெளிந்து போகிற ராக் கார்டன். டிக்ஸ் கிரீக் வந்ததும் படகைக் கட்டாயம் ஒதுக்க வேண்டும். ஜார்ஜியா பக்கத்திலிருந்து அறுபதடி அருவி ஒன்று நேரே ஆற்றுக்குள் விழுகிறது. அதன் எதிரில் ஆறும் இடம் வலமாகத் திரும்பித் திரும்பி இரண்டு படி இறங்குகிறது. சாரலில் நின்றபடி, அடுத்துப் போகும் படகு எப்படித் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாலே நேரம் போய்விடும். மே மாதம் என்றால் கரையோரம் மலைலாரல் செடிகள் பூத்திருக்கும். அப்புறம் நாரோஸ். மொத்த ஆறும் குறுகி இரண்டு பாறைச்சுவருக்கு நடுவே நுழையும். அங்கே சத்தம் வேறு. அடுத்தது செகண்ட் லெட்ஜ், ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக ஒரே குதி. உனக்குப் பிடித்த இடம் அதுவாகத்தான் இருக்கும், எழுதி வைத்துக்கொள்.

பிற்பகலில் ரேபிட்டுகள் குறைந்து, துடுப்புப் போட்டே கடக்க வேண்டிய நீளமான நீர்ப்பரப்புகள் வரும். தோள் வலிக்கும். பேச்சு நின்றுவிடும். என்னைக் கேட்டால் அந்த மைல்களுக்காகவே இந்த ஆற்றைத் தேர்ந்தெடுப்பேன். கடைசியில், களைத்திருக்கிற நேரம் பார்த்து, புல் ஸ்லூஸ். கடினத்தில் நான்காம் தரம், இரண்டு படியாகக் கொட்டும். அதைச் சுற்றி நடந்துபோக வழி இருக்கிறது. அன்றைக்கு உன் கை எப்படி இருக்கிறது என்று பார்த்து அங்கே நின்று முடிவு செய்வோம்.

எல்லாம் தண்ணீர் அளவைப் பொறுத்தது. 76ஆம் எண் பாலத்தடியில் அளவுகோல் இருக்கிறது. மண்டபத்தில் தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது என்று நம் தாமிரபரணிக் கரைக் குறுக்குத்துறைக் கோயிலைப் பார்த்து நாம் ஆற்றில் இறங்கலாமா என்று முடிவு செய்வோமே, அந்த வேலையைத்தான் அது இங்கே செய்கிறது. அடிக் கணக்கில் சொல்வார்கள், ஆனால் அது ஆழம் இல்லை, ஒரு குறியீடு. ஒன்றரையிலிருந்து இரண்டரைக்குள் இருந்தால் நமக்குப் போதும். மூன்றைத் தாண்டினால் கிளம்ப மாட்டேன், நீ விமான டிக்கெட்டைக் காட்டி அழுதாலும்.

இப்போது கவனமாகப் படி. போன மாதம் அங்கே போயிருந்தபோது எங்களுக்கு முன்னால் போன ஒரு குழுவில் ஒரு பையன் ராஃப்டிலிருந்து, அதுதான் காற்றடைத்த ரப்பர் படகிலிருந்து, விழுந்தான். இடுப்பளவுத் தண்ணீர்தான். சட்டென்று எழுந்து நிற்கப் பார்த்தான். கால் இரண்டு கல்லுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. பின்னாலிருந்து தண்ணீர் முதுகைத் தள்ளி அவனை முன்பக்கமாக மடக்கிவிட்டது. கைடு இரண்டு பேர் கயிறு போட்டு எடுத்தார்கள். கணுக்காலில் அடிபட்டதோடு தப்பித்தான். நான் அந்தக் கரையில் நின்றபடி உன்னைத்தான் நினைத்தேன். தாமிரபரணியில் வளர்ந்தவனுக்கு விழுந்ததும் காலை ஊன்றத்தான் தோன்றும். எனக்கும் அந்தப் பழக்கம் போக நாள் பிடித்தது. நீ நம் தெருவிலேயே பெரிய நீச்சல்காரன், அதனால்தான் உன்னைப் பற்றிக் கூடுதல் பயம். ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்கவே கூடாது. மல்லாந்து படு, இரண்டு காலையும் மேலே தூக்கி ஓட்டம் போகும் திசையில் வை, வேகம் குறைந்த இடம் வந்ததும் புரண்டு கரைக்கு நீந்து. குறுக்கே மரம் விழுந்து கிடந்தால் அந்தப் பக்கமே போகாதே. தண்ணீர் கிளைக்குள் நுழைந்து போய்விடும், ஆள் போகமுடியாது. ஒரு பூச்சி பிடித்து இங்கே ஹெம்லாக் மரங்கள் வரிசையாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. பார்க்க மனசு கேட்காது, ஆற்றுக்குள் சாய்வதும் அவைதான்.

நான்காம் பகுதிக்கு ஏன் கூடாது என்பதற்கும் பதில் இதுதான். உன் வீடியோவில் இருந்தது ஃபைவ் ஃபால்ஸ். கால் மைலில் ஐந்து ரேபிட், மொத்தம் எழுபத்தைந்தடி இறக்கம். ஒன்றில் விழுந்தவன் ஒதுங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். அதற்கு மேலே வுடால் ஷோல்ஸ் என்று ஓரிடம், பார்த்தால் சாது. கீழே திரும்பிச் சுழலும் தண்ணீர் ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உயிர்கள் போயிருக்கின்றன. 1972இல் இந்த ஆற்றில் எடுத்த ஒரு படம் வெளிவந்த பிறகு, பழக்கமில்லாதவர்கள் கூட்டமாக வந்து இறங்கி, பலர் கரையேறவில்லை. உன் வீடியோவும் அந்த வேலையைத்தான் உன்மேல் செய்கிறது. அத்தான் வேறு வருகிறேன் என்கிறார், முட்டி அறுவைசிகிச்சை ஆனவர். குழுவில் யாருக்குப் பலம் குறைவோ அவரை வைத்துத்தான் ஆற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவருக்கு மூன்றாம் பகுதியே அதிகமோ என்று எனக்கு இன்னும் யோசனை. முட்டி எவ்வளவு மடங்குகிறது, குத்தவைத்து உட்கார முடிகிறதா என்று கேட்டு எழுது. முடியாதென்றால் அவரையும் அக்காவையும் நாண்டஹாலாவுக்கு ஒரு நாள் தனியாகக் கூட்டிப்போகிறேன்.

உரிமம் பெற்ற கைடோடுதான் போகிறோம். ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட், தண்ணீரில் குளிர் தாங்கும் வெட்சூட் எல்லாம் அவர்களே தருவார்கள். பருத்திச் சட்டை வேண்டாம், நனைந்தால் குளிரில் நடுங்கிப்போவாய். காலைவிட்டுக் கழலாத ஷூ கொண்டுவா, ரப்பர் செருப்பு கூடாது. மதினியிடம் புளிக்காய்ச்சல் மட்டும் கட்டித்தரச் சொல். சோறு இங்கே வடித்துத் தண்ணீர் புகாத பையில் போட்டுக்கொள்வோம், டிக்ஸ் கிரீக்கில் சாப்பிடலாம்.

உன் எடை, ஷூ அளவு, அத்தான் முட்டி நிலவரம், மூன்றும் இந்த வாரத்துக்குள் வேண்டும். மே மாதச் சனிக்கிழமைகள் சீக்கிரம் நிரம்பிவிடும்.

உன்,
நெட்டையன்