யானையா, மானா?

ஆசிரியருக்கு,

படங்களில் ஆழத்தை, அதாவது எது அருகில், எது தொலைவில் என்பதைக் காணும் திறன் பற்றித் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வெளியான கட்டுரை, தென்னாப்பிரிக்காவில் உளவியலாளர் வில்லியம் ஹட்சன் நடத்தி 1960-இல் வெளியிட்ட ஆய்வைக் கொண்டு, ஆப்பிரிக்கப் பிள்ளைகள் பலருக்கு அத்திறன் இல்லை என்று முடித்திருப்பது அவசர முடிவு. ஹட்சனின் கோட்டோவியத்தில் வேடன் ஈட்டியை ஓங்கி நிற்பான். எதிரே ஒரு மான். இரண்டுக்கும் நடுவே, தொலைதூரக் குன்றின் மேல் சிறிதாக ஒரு யானை. வேடன் யானையைக் குறிவைக்கிறான் என்று சொன்னவர்களுக்கு ஆழம் தெரியாது என்பது கணக்கு. தூரம் போகப் போகப் புல்லும் மண்ணும் நுணுகித் தெரிவது போன்ற இயல்பான குறிப்பு அப்படத்தில் கிடையாது என்பதையும், வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளும் பள்ளியில் சேரும் வயதில் அதில் தடுமாறினர் என்பதையும் கட்டுரை விட்டுவிட்டது. பின்னர் ஜாம்பியாவில் உளவியலாளர் யான் டெரெகோவ்ஸ்கி, படத்தில் கண்ட உருவத்தைக் குச்சியாலும் களிமண் போன்ற பொருளாலும் செய்துகாட்டச் சொன்னபோது, ஹட்சனின் தேர்வில் தவறியவர்களிலேயே பலர் அதை முப்பரிமாணத்தில் செய்தனர்.

நான் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்தபோது, படத்தில் மேலே செல்லச் செல்லக் குறுகும் சாலையைக் ‘கோபுரம்’ என்று சொன்ன இரண்டாம் வகுப்புச் சிறுமியிடம், சாக்பீஸ் துண்டுகளை வைத்து அந்த இடத்தைக் காட்டச் சொன்னேன். சாலையோர மரங்களை இரு வரிசைகளாக, தன்னிடமிருந்து தள்ளித் தள்ளிச் சரியாகவே நிறுத்தினாள். ஆகவே, தொடக்க வகுப்புகளின் பட வினாக்களில் மதிப்பெண்ணைக் குறைக்கும் முன், பிள்ளைகள் தாம் கண்டதைக் கையால் செய்துகாட்ட ஒரு வாய்ப்புத் தருமாறு ஆசிரியர் கையேட்டில் கல்வித்துறை சேர்க்கலாம்.

— ஓய்வுபெற்ற ஆசிரியை, தருமபுரி மாவட்டம்