ரோஜாவைப் பிடுங்கினால் என்ன?

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய மாளிகைத் தோட்டங்களை மாற்றியமைப்பது பாரம்பரியத்தைக் கெடுக்கும் வேலை என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். சில வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் கிரேட் டிக்ஸ்டர் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தவள் நான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

கிழக்கு சசெக்ஸில், நார்த்தியம் கிராமத்தில் இருக்கிறது அந்தத் தோட்டமுள்ள பழைய வீடு. 1910-இல் நத்தானியல் லாயிட் அதை வாங்கினார். வீட்டை விரித்துக் கட்டி, தோட்டத்துக்கும் வடிவம் கொடுத்தவர், பின்னாளில் புது டெல்லியை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ். அவருடைய ரோஜாத் தோட்டத்தைத்தான் நத்தானியலின் மகன் கிறிஸ்டோபர் லாயிடும் தலைமைத் தோட்டக்காரர் ஃபெர்கஸ் காரெட்டும் 1993-இல் பிடுங்கி எறிந்தார்கள். தோட்டப் பிரியர்கள் பலர் கொதித்துப்போனார்கள். ஆனால் ரோஜா வருடக்கணக்காக இருந்த மண்ணில் மறுபடி ரோஜா வைத்தால் சரியாக வராது. கிறிஸ்டோபர் சொன்ன காரணமும் அதுதான். அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது!

சரி, அங்கே என்ன வைத்தார்கள் தெரியுமா? வாழை, கல்வாழை, சேம்பு, ஆமணக்கு, டாலியா. நம் ஊரில் கொல்லைத் தண்ணீர் ஓடும் இடத்தில் தானாக வளர்வதையெல்லாம் டிக்கெட் எடுத்துப் பார்க்கிறோமே என்று முதலில் சிரிப்புதான் வந்தது. உள்ளே போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. பாதை அவ்வளவு குறுகல். இரண்டு பக்கமும் இலைகள் தோளை உரசுகின்றன. கருஞ்சிவப்புக் கல்வாழை இலையில் பின்னாலிருந்து வெயில் விழ, ஒவ்வொரு நரம்பும் தனியாகத் தெரிந்தது. நம் வீட்டுக் கல்வாழையை நான் ஒருநாளும் அப்படி நின்று பார்த்ததில்லை. வாழை குலை தள்ளுமா என்று அங்கே வேலை செய்துகொண்டிருந்த பையனிடம் கேட்டேன். ஜப்பான் வாழையாம், காய்த்தாலும் சாப்பிட ஆகாதாம்.

இன்னொன்றையும் அந்த வாசகர் கவனிக்க வேண்டும். லட்யன்ஸ் போட்ட பாதைகள், சுற்றியிருக்கும் யூ என்ற பசுமை மாறாத மர வேலி, ஓரத்திலிருந்த பழைய மாட்டுக் கொட்டகை எதிலும் கை வைக்கவில்லை. மாற்றியது செடிகளை மட்டும்தான்.

குளிர் தொடங்கியதும் வாழைத் தண்டுகளுக்குப் பெரணி இலையைச் சுற்றிக் கட்ட வேண்டும்; தாங்காத செடிகளைத் தோண்டிக் கண்ணாடி வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். வருடா வருடம் இதே பாடுதான். அதைச் செய்ய ஆள் இருக்கிற இடத்தில் மாற்றத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. வரைபடத்தைக் கொடுத்துவிட்டுக் காணாமல்போகிறவர்களை அந்த வாசகர் திட்டியிருந்தால் நானும் சேர்ந்து திட்டியிருப்பேன்.

அன்புடன்,
ஒரு வாசகி, கும்பகோணம்