விசில் ஊதக் கூடாதாம்

பாவூர்சத்திரம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள அண்ணாச்சி,

வணக்கம். கண் ஆபரேஷன் முடிந்து இன்றோடு 19 நாள். போனில் சொன்னால் பாதியிலேயே "சரி தம்பி, உடம்பைப் பார்த்துக்கொள்" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு எழுதுகிறேன். இரண்டையும் திறந்தால் ஒரு வரிக்கு மேல் இன்னொரு வரி ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

நம் பஸ்ஸில் ஆலங்குளத்தில் ஏறிய ஒரு பெரியவர் "ஏனய்யா முறைக்கிறாய்?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாரே, நினைவிருக்கிறதா? நான் மீதிச் சில்லறைதான் கொடுத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்து, "அவர் முகமே அப்படித்தான், உட்காருங்கள்" என்று சமாதானம் செய்தீர்கள். என் முகம் அப்படி இல்லை அண்ணாச்சி. அதற்கு முந்தைய தீபாவளிக்கு டிப்போவில் எடுத்த போட்டோவைப் பாருங்கள். மேல் இமை சுருங்கி, கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிய ஆரம்பித்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். மூன்று வேளையும் வயிறு முட்டச் சாப்பிட்டும் பேன்ட் இடுப்பில் நிற்காமல் போனதும், டிக்கெட் கிழிக்கும்போது கை நடுங்கியதும் அதே காலம்தான். நீங்கள் சர்க்கரை என்றீர்கள். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு என்று வந்தது.

நோய்க்குப் பெயர் கிரேவ்ஸ் என்று டாக்டர் சொன்னபோது என் அடிவயிறு கலங்கிவிட்டது. அந்த வார்த்தைக்கு இங்கிலீஷில் கல்லறை என்றுதானே பொருள்? மகள்தான் தேடிப் பார்த்து, அது டப்ளின் நகரத்து டாக்டர் ஒருவரின் பெயர், 1835-இல் அவர் இந்த நோயைப் பற்றி எழுதினார் என்று சொன்னாள். அமெரிக்க ஜனாதிபதி சீனியர் புஷ்ஷுக்கும் அவர் மனைவிக்கும் இதே தைராய்டு நோய் இருந்ததாம், அவருக்கு 1991-இல். "அப்படியானால் அடுத்தது நானா?" என்று என் மனைவி இரண்டு நாள் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

டாக்டர் விளக்கியதை நம் பாஷையில் சொல்கிறேன். கண்குழி ஓர் எலும்புப் பெட்டி. கொள்ளளவு 30 மில்லிதான், டீக்கடைச் சின்ன கிளாஸில் பாதிகூடக் கிடையாது. உடம்பின் காவல்காரர்களே புத்தி கெட்டு, கண்ணுக்குப் பின்னாலுள்ள கொழுப்பையும் தசைகளையும் தாக்க, அவை வீங்கிவிடுகின்றன. தீபாவளிக்கு முதல் நாள் நம் வண்டி எப்படி இருக்கும்? உள்ளே நெரிசல் கூடக் கூடப் படியில் நிற்பவன் வெளியே தொங்குவான் அல்லவா, அந்தப் படிக்கட்டு ஆள்தான் என் கண். உள்ளே கடைசி சீட்டில் நசுங்கிக் கிடந்தது பார்வை நரம்பு.

நசுங்கியது எனக்கு எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? ஒரு நாள் காலை இவள் காப்பி கொண்டுவந்தாள். கண் உறுத்துகிறதே என்று ஒவ்வொன்றாக மூடித் திறந்தேன். இடது கண்ணுக்கு அவள் நெற்றிக் குங்குமம் பளிச்சென்று இருந்தது. வலது கண்ணுக்கு அதே குங்குமம் மழையில் நனைந்த செங்கல் நிறம். மதுரைக்குப் போனோம். மூன்று நாள் ஸ்டீராய்டு டிரிப் ஏற்றிப் பார்த்தார்கள், நிறம் திரும்பவில்லை. அப்புறம்தான் ஆபரேஷன். மூக்கு வழியாகவும் கீழ் இமையின் உட்புறமாகவும் போய், குழியின் உள்சுவரையும் தரையையும் கொஞ்சம் எடுத்துவிட்டார்கள். உள்சுவர் காகிதம் போல மெல்லியதாம். கூட்டத்துக்குப் பின்கதவைத் திறந்துவிட்ட மாதிரி. மறுநாள் கட்டை அவிழ்த்ததும், டாக்டர் ஒரு சொட்டு மருந்து பாட்டிலின் சிவப்பு மூடியை என் முன்னால் நீட்டி, "என்ன நிறம்?" என்று கேட்டார். சிவப்பு என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது.

இப்போது கன்னமும் மேலுதடும் மரத்துக் கிடக்கின்றன. சவரம் செய்தால் வேறு யாருக்கோ செய்வது போல இருக்கிறது. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தபடி தூக்கம். இமை முழுதாக மூடாததால் ராத்திரி களிம்பு. பேத்தி, "தாத்தா தூங்கவில்லை, என்னையே பார்க்கிறார்" என்று பாட்டி பக்கம் போய்ப் படுத்துக்கொண்டாள். குனியக் கூடாது. மூக்கைச் சிந்தக் கூடாது, காற்று கண்குழிக்குள் புகுந்துவிடுமாம். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். "விசில் ஊதலாமா டாக்டர்?" என்றேன். சிரித்துவிட்டார். "கொஞ்ச நாளைக்கு விசிலும் வேண்டாம்" என்றார். டபுள் விசில் கொடுக்காமல் நீங்கள் வண்டியை எடுத்ததே கிடையாது என்று அவருக்கு எங்கே தெரியும்?

இந்த இரட்டைப் பார்வை ஆபரேஷனுக்கு முன்பே இருந்தது, இப்போது கொஞ்சம் கூடியிருக்கிறது. உங்களிடம் சொல்லாத ஒன்று: கடைசி மாதங்களில் தலை எண்ணினால் டிக்கெட் கணக்கைவிட எப்போதும் ஆள் கூடுதலாகவே வரும். டிக்கெட் எடுக்காதவனைத் தேடி இரண்டு முறை வண்டியைச் சுற்றி வந்திருக்கிறேன். பிறகு ஒரு கண்ணை மூடி எண்ணக் கற்றுக்கொண்டேன். அதற்கும் ஓர் அம்மாள், கண்ணடிக்கிறான் என்று திட்டினாள். இனிக் கண்ணாடியில், இரண்டாகத் தெரிவதை ஒன்றாகக் காட்டும் பிரிசம் ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்களாம். ஆறு மாதம் நோய் அசையாமல் இருந்தால் தசைக்கு ஓர் ஆபரேஷன், அதற்குப் பிறகு இமைக்கு. இந்த வரிசை மாறக் கூடாதாம். இன்னும் இரண்டு ஸ்டேஜ் பாக்கி.

டாக்டர் முதல் நாள் கேட்ட முதல் கேள்வி, "சிகரெட் உண்டா?" "எப்போதாவது" என்றேன். பக்கத்தில் இருந்தவள், "ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட்" என்று போட்டு உடைத்தாள். புகை பிடிப்பவர்களுக்குக் கண் மோசமாகும், மருந்தும் சரியாகக் கேட்காது, ஆண்களுக்கு இன்னும் கடுமை என்றார். விட்டு நாலு மாதம் ஆகிறது. டிப்போ வாசல் டீக்கடையில் நாம் பற்றவைத்ததற்கெல்லாம் கணக்குப் போட்டால் ட்ரிப் ஷீட் போதாது. உங்களுக்குத் தைராய்டு இல்லைதான். ஆனால் நீங்கள் வரும்போது என் எதிரில் பற்றவைத்தால் நான் தாங்க மாட்டேன், சத்தியமாக எனக்கும் ஒன்று கேட்டுவிடுவேன்.

புதன்கிழமை மதுரையில் செக்கப். சனிக்கிழமை வாருங்கள், தென்காசி வண்டியில் ஏறினால் போதும். நான் நிறுத்தத்தில் கறுப்புக் கண்ணாடியோடு நிற்பேன். இரண்டு அண்ணாச்சி இறங்குவார்கள். எவர் கையைப் பிடிப்பது என்று நான் முழித்தால் நீங்களே கூப்பிட்டுவிடுங்கள்.

உங்கள் தம்பி,
பழைய கண்டக்டர்