எட்டாம் நம்பர் கம்பி

அன்பு மகனுக்கு,

நீ விட்டுப் போன பன்னிரண்டு கம்பிக் கிற்றாரில் கை வைத்துவிட்டேன், கோபிக்காதே. பெட்டிக்குள் கிடந்தே கம்பியெல்லாம் கறள் பிடித்திருந்தது. டச் பே கடற்கரைக்கு இவ்வளவு கிட்ட இருந்தால் யன்னல் கம்பியே தாங்காது, இது எம்மாத்திரம்.

மாமா கொழும்பிலிருந்து புதுக் கம்பி வாங்கிவந்தார். நாற்பது வருடம் வயலின் பிடித்தவளுக்கு இதென்ன பெரிய வேலை என்று நினைத்தேன். பன்னிரண்டு கம்பியும் ஆறு சோடி. முதல் இரண்டு சோடியிலும் இரண்டு கம்பிக்கும் ஒரே சுருதி. மற்ற நாலு சோடியிலும் மெல்லியது ஒரு ஸ்தாயி மேலே. எல்லாம் கூட்டி முடித்துக் கடைசியாக மூன்றாம் சோடியின் எட்டாம் நம்பருக்கு வந்தேன். ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 8 பங்குதான் தடிப்பு, ஆனால் முதலாம் கம்பியையும் விட மூன்று அரைச்சுரம் மேலே ஏற வேண்டும். ஏறும்போதே அறுந்து என் புறங்கையைக் கீறிவிட்டது. "பட்டம் அறுந்திட்டுதோ?" என்று விறாந்தையிலிருந்து அப்பா கேட்கிறார்.

சரி, கொஞ்சம் தடித்ததாக ஒன்பதாம் நம்பரைப் போட்டேன். அதுவும் போச்சு. பிறகுதான் விளங்கியது: தடித்த கம்பிக்குப் பலம் கூடத்தான், ஆனால் அதே சுருதிக்குக் கொண்டுவர அதே அளவுக்குக் கூட இழுக்கவும் வேண்டும். தடிப்பை மாற்றிப் பயனில்லை, சுருதியைத்தான் இறக்க வேண்டும். எல்லாவற்றையும் இரண்டு அரைச்சுரம் இறக்கினேன். இழுவையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். பழைய சுருதி வேண்டுமென்றால் கழுத்தின் இரண்டாம் கட்டையில் கேப்போ, அதுதான் கம்பியெல்லாவற்றையும் அமுக்கிப் பிடிக்கும் கவ்வி, போட்டால் போதும். பன்னிரண்டு கம்பிக் கிற்றாருக்குப் பேர்போன அமெரிக்கப் பாடகர் லெட் பெல்லி இதைவிடவும் கீழே இறக்கித்தான் வாசித்தாராம்.

அதோடு விட்டேனா? சோடிக்குள் மெல்லியது மேலே இருப்பதால் கை கீழே வரும்போது முதலில் அதுதான் படுகிறது, அந்தக் கணீர் அதனால்தான். மாற்றிப் பார்ப்போம் என்று மூன்றாம் சோடியில் இடம் மாற்றினேன். கழுத்தின் நுனியில் கம்பிகளைத் தாங்கும் நட்டில் மெல்லியதற்கு வெட்டிய பள்ளத்தில் தடித்தது இறங்கவில்லை, மேலே ஏறி நின்று கரகரத்தது. அரம் எடுத்து ராவ மனம் வரவில்லை. உன்னுடைய சாமான் அல்லவா.

பிறகு ஆறாம் சோடியின் மெல்லியதைக் கழற்றிவிட்டேன். பதினொரு கம்பி! அடித்தந்தி தனியாக, தம்புராவின் மந்தரம் போல வந்தது. எனக்கு இதுதான் பிடித்துக்கொண்டது. அன்று பின்னேரம் கோட்டைப் பக்கத்து மான்கள் இரண்டு கேற்றடியில் வந்து நின்றன. என் வாசிப்புக்கு என்று நான் சொல்ல, வாழைத்தோலுக்கு என்றார் அப்பா.

ஒன்று சொல்ல வேண்டும். கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் அடிமட்டத்தை வைத்துப் பார்த்தேன், பலகை சற்று வீங்கியிருக்கிறது. ஆறு கம்பியில் 70 கிலோ சொச்சம் இழுவை என்றால் இதில் முழுச் சுருதிக்கு 110 கிலோவாவது வரும். நீ அப்படியே கூட்டிவிட்டுப் போயிருக்கிறாய். இனி என் வீட்டில் அது இறக்கித்தான் இருக்கும்.

வரும்போது முழு செட் வேண்டாம், எட்டாம் நம்பர் தனிக்கம்பி ஆறு கொண்டுவா. கழற்றியதை எண்ணெய்த் துணியில் சுற்றி உன் மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன். பன்னிரண்டும் வேண்டுமென்றால் நீயே போட்டுக்கொள்.

அன்புடன்,
அம்மா
திருகோணமலை